கொல்லிமலையில் ஆறு நாள்: ஊசிப் பெட்டியின் பின்னால் ஒரு பயணம்

முதல் நாள், திங்கள்: மலையடிவாரம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி வந்தால் சமவெளி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு முன் இரண்டு நாள் கீழே தங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரும் எட்டிப் பார்க்காத அறை ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகலாம். தடுப்பூசி வைக்கும் அறை. மேலேயும் இதே அறைதான், இதே பெட்டிகள்தான். திங்கட்கிழமை என்பதால் இங்கே ஆற அமரப் பார்க்க முடிகிறது.

முதலில் கணக்கு. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையில் அது 20,000, 3,000. துணை நிலையத்துக்குப் பொறுப்பு கிராம சுகாதார செவிலியர். ஊரில் யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை. நர்சம்மா, இல்லாவிட்டால் வி.எச்.என்.

அறையில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஐ.எல்.ஆர்., தடுப்பூசிக்கான குளிர்ப்பெட்டி, மேல்மூடி திறக்கும் வகை. குளிர்ந்த காற்று கனமானது. மேலே திறந்தால் உள்ளேயே கிடக்கும். வீட்டு ஃபிரிட்ஜில் கதவைத் திறந்ததும் காலடியில் குளிர் கொட்டுகிறதே, அதனால்தான் அது இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே 2 முதல் 8 டிகிரி. நாளில் 8 மணி நேரம் தொடர்ந்து கரண்ட் கிடைத்தால் மீதி நேரத்தைத் தானே சமாளித்துவிடும். இன்னொன்று டீப் ஃப்ரீசர், மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதில் மருந்து வைப்பதில்லை, ஐஸ் பேக் மட்டும்.

ஐ.எல்.ஆரில் எதை எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நடக்கும். பெட்டியின் அடிப்பாகம்தான் அதிகக் குளிர். போலியோ சொட்டு மருந்து, எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா), பி.சி.ஜி. (காசநோய்) அங்கே இருக்கலாம், உறைந்தாலும் கெடாது. பென்டா (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), பி.சி.வி. (நிமோகாக்கல் நிமோனியா), டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா), ஹெபடைடிஸ் பி எல்லாம் மேலே தொங்கும் கூடையில்தான் இருக்க வேண்டும். இவற்றில் மருந்து அலுமினிய உப்பின் நுண்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறைந்தால் துகள்கள் கட்டி சேர்ந்துவிடும். பிறகு உருக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஊசி போட்டாலும் பலன் கிடைக்காது, குழந்தைக்கு வலி மட்டும் மிச்சம்.

வெப்பத்தால் கெட்டதைக் காட்ட வயல், அதாவது மருந்துக் குப்பி மீது வி.வி.எம். என்ற சின்ன வட்டம் இருக்கிறது. உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமானால் குப்பை. ஆனால் அந்த வட்டத்துக்கு வெப்பம் மட்டும்தான் தெரியும், உறைந்ததைச் சொல்லாது. 'வி.வி.எம். நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லியே உறைந்த பென்டாவைப் போட்டுவிட முடியும். சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை: அதே தொகுதியில் ஒரு வயலை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேக வயலையும் அதையும் ஒன்றாகக் குலுக்கி மேசையில் வைக்கிறார்கள். அரை மணிக்குள் தெரிந்துவிடும். சந்தேக வயலில் வண்டல் அதே வேகத்திலோ இன்னும் வேகமாகவோ அடியில் இறங்கினால் அதுவும் உறைந்ததுதான்.

சுவரில் வெப்பநிலைத் தாள். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, ஞாயிறும் பண்டிகையும் உட்பட. எங்கே போனாலும் முதலில் அந்தத் தாளில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களைப் பார்ப்பது நல்ல பழக்கம். மாதம் முழுக்க 4, 4, 4 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் யாரும் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாம் நாள், செவ்வாய்: ஏ.என். நாள்

செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் நாள். எட்டரைக்கெல்லாம் வராந்தா நிறைந்துவிடுகிறது.

பதிவிலிருந்து தொடங்குவோம். 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். பதிந்ததும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். பிக்மி நம்பர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிற்பாடு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைக் கேட்பார்கள். 1987-ல் தொடங்கிய, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டமும் இதன் மீதுதான் நடக்கிறது. 2018 முதல் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. பணம் வராமல் நிற்பதற்கு வழக்கமான காரணம் ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். கணவர் பெயரில் தொடங்கிய கணக்கைக் கொடுப்பது இன்னொன்று. பதிவு மேசையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டால் ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாள். ஒன்பது மாதம், ஏழு நாள் கூட்டினால் பிரசவத் தேதி. கணக்கு சுலபம், தேதியைக் கேட்டு வாங்குவதுதான் பாடு. 'ஞாபகம் இல்லீங்க நர்சம்மா' என்பது வழக்கமான பதில். அனுபவப்பட்ட நர்ஸ் காலண்டரைக் காட்டுவதில்லை, பண்டிகையைப் பிடிக்கிறார்.

'ஓரி விழாவுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?'

'விழாவுக்கு செம்மேடு போனோம்... அன்னிக்குத்தான் தலைக்கு ஊத்த வேண்டியதாச்சு.'

வல்வில் ஓரி விழா ஆடி 17, 18. பதினெட்டு என்றால் ஆகஸ்ட் 3. பிரசவத் தேதி மே 10. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஸ்கேன் தேதி வந்த பிறகும் இந்தத் தேதியை அடித்துவிடக் கூடாது. இரண்டையும் அட்டையில் எழுதிவைக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம்: நம் ஆட்கள் 'ஏழாம் மாசம்' என்றால் ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. அட்டையில் 'ஏழு மாதம்' என்று எழுதினால் அடுத்து பார்ப்பவர் ஏழு முடிந்ததாக எடுத்துக்கொள்வார். மாதமே வேண்டாம், வாரத்தில் எழுதுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பி.பி.: மேட்டில் நடந்து வந்தவரை உட்கார்ந்த கையோடு பார்த்தால் 140 காட்டத்தான் செய்யும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில். ரவிக்கைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றுவதும், பார்க்கும்போதே 'மூத்தவன் ஸ்கூலுக்குப் போறானா' என்று பேச்சுக் கொடுப்பதும் அளவைக் கெடுக்கும். 140/90-ஐத் தொட்டால் நான்கு மணி நேரம் கழித்து மறுபடி. கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று. ஸ்டிரிப் தீர்ந்துபோன நாளில் பழைய முறை கைகொடுக்கும்: சோதனைக் குழாயில் முக்கால் அளவு சிறுநீர், மேல்பாகத்தை மட்டும் சூடாக்க வேண்டும். கலங்கினால் சில சொட்டு அசெட்டிக் ஆசிட். கலங்கல் மறைந்தால் பாஸ்பேட், நின்றால் ஆல்புமின். கீழ்பாதி தெளிவாக இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழாய் வேண்டாம்.

எச்.பி., அதாவது ரத்தத்தின் ஹீமோகுளோபின், 11-ம் அதற்கு மேலும் சரி. 10 முதல் 10.9 லேசான சோகை, 7 முதல் 9.9 நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமை. விரலைக் குத்தி, ரத்தம் வரவில்லையென்று பிசைந்து எடுத்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக எழும் சொட்டை எடுக்க வேண்டும். மேலே, மலைக்காற்றில் விரல் சில்லிட்டிருக்கும்போது பிசையத்தான் கை போகும்.

இரும்பு மாத்திரை: 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். 12 வாரம் கழித்துத் தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180. கால்சியம் 500 மி.கி., தினம் இரண்டு. இரும்பும் கால்சியமும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் ஒன்று மற்றதை உறிஞ்சவிடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீயோடும் ஆகாது. சாப்பிட்டாயா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். 'வெளிக்குப் போறது என்ன கலர்ல இருக்கு?' என்று கேட்க வேண்டும். கறுப்பு என்றால் மாத்திரை உள்ளே போகிறது. அதைச் சொல்லிவைக்காமல் அனுப்பினால், அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்தே மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள். அடுத்த செவ்வாய் வரவும் மாட்டார்கள், திட்டு விழும் என்று.

மாத்திரையில் எச்.பி. ஏறாதவர்களுக்கு நரம்பு வழி அயர்ன் சுக்ரோஸ். 100 மி.கி. மருந்தை 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்து 15 நிமிடத்துக்குக் குறையாமல் இறக்குகிறார்கள். டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் இது கிடையாது.

சர்க்கரைச் சோதனையைச் சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னின்று பரப்பிய முறையில் செய்கிறார்கள்: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், 300 மி.லி. தண்ணீரில். பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வா என்று சொல்லாததால்தான் தூரத்து ஊர்ப் பெண்களுக்கும் இது சாத்தியம். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அரை மணி தாண்டி எடுத்தால் தொடரலாம். முதல் வருகையில் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. ஸ்டிரிப் டப்பாவைத் திறந்தபடி வைத்தால் பனி ஈரத்தில் ஸ்டிரிப் கெட்டு, மதியத்துக்குப் பிறகு வரும் எண்களை நம்ப முடியாது.

இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்களிடம்தான் மற்ற எல்லாம் பேச முடிகிறது. தலைவலி, கண் மங்கல், கால் மட்டுமல்லாமல் முகமும் வீங்குவது, ரத்தப்போக்கு, தண்ணீர்க்குடம் உடைவது, குழந்தை அசைவு குறைவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த செவ்வாய் வரை காத்திருக்கக் கூடாது.

மூன்றாம் நாள், புதன்: மேலே

தடுப்பூசி நாள். காலை ஆறரைக்கு ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்து மேசையில் பரப்பியாயிற்று.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேக் மைனஸ் 20-ல் கல்லாக இருக்கும். அப்படியே தடுப்பூசி எடுத்துப்போகும் கேரியருக்குள் அடுக்கினால் பக்கத்தில் உட்காரும் பென்டா உறைந்துவிடும். வெளியே வைத்து, மேலே நீர் முத்து பூத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் 'களக்' என்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம். வெயில் நாளில் சீக்கிரம் வரும், பனி நாளில் முக்கால் மணி நேரம் தாண்டினாலும் வராது. கடிகாரத்தைப் பார்த்துச் செய்பவர் கோட்டை விடுவார், காதால் கேட்பவர் விடமாட்டார். பிறகு நான்கு பேக்கும் நான்கு சுவர். நடுவில் பிளாஸ்டிக் பையில் வயல்கள், 16 முதல் 20 வரை பிடிக்கும். தூள் மருந்தைக் கரைக்கும் டைலுயண்ட் ஆம்பியூலும் அதே குளிரில் முந்தைய நாளே இருந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரைக் கலந்தால் எம்.ஆர். அங்கேயே செத்துவிடும். பி.சி.ஜி.க்கு உப்புநீர், எம்.ஆருக்குச் சுத்திகரித்த நீர். ஆம்பியூல்கள் ஒரே சாயல், பெயரைப் படித்துப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும்.

காரவள்ளியில் தொடங்கும் வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறது. இருபதைத் தாண்டும்போது காதடைக்கிறது, ஐம்பதுக்கு மேல் காற்றில் மிளகுக்கொடி வாசம். கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வருவது பாசத்தால் அல்ல. இருக்கைக்குக் கீழே வைத்தால் எஞ்சின் சூடு. சோளக்காட்டில் சாலை சமதளமாகிறது. அதற்கு அப்பால் ஒரு குக்கிராமத்தின் அங்கன்வாடி. பெயர் வேண்டாம், மலையில் 'நாடு' என்று முடியும் எந்த ஊராட்சிக்குப் போனாலும் இதே காட்சிதான்.

அங்கன்வாடி ஊழியரிடம் பட்டியல் இருக்கிறது. டியூ லிஸ்ட். இன்று வர வேண்டிய குழந்தைகள், எந்தத் தவணை, தாய் பெயர். எழுதியிருப்பது 11.

ஒன்றரை மாதக் குழந்தைக்குத்தான் அதிகம்: போலியோ மருந்து இரண்டு சொட்டு, ரோட்டா (வயிற்றுப்போக்கைத் தடுக்கும் வாய்வழி மருந்து), எஃப்.ஐ.பி.வி. (போலியோவுக்கான ஊசி), பி.சி.வி., பென்டா. வரிசை முக்கியம். வாய்வழி மருந்து முதலில், அழும் வாயில் சொட்டு விட முடியாது. பிறகு வலது மேற்கையில் தோலுக்குள் எஃப்.ஐ.பி.வி. 0.1 மி.லி.; கொசு கடித்த தடிப்பு மாதிரி சின்னதாக எழும்ப வேண்டும், எழும்பவில்லையென்றால் தோலுக்குக் கீழே போய்விட்டது. அடுத்து வலது தொடையில் பி.சி.வி. 0.5. கடைசியில் இடது தொடையில் பென்டா 0.5, இதுதான் அதிகம் வலிக்கும். குழந்தை தாய் மடியில், ஒரு கை தாயின் அக்குளுக்குள், கால் இரண்டும் தாயின் தொடைகளுக்கு நடுவில். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தொடையில் ஏன், பின்புறத்தில் ஏன் கூடாது என்று ஓர் ஆயா கேட்டார். நியாயமான கேள்வி: பின்புறத்தில் நரம்பு ஓடுகிறது, கொழுப்பும் அதிகம், தொடையின் முன்பக்கத் தசை பிறந்த நாளிலேயே போதுமான அளவு இருக்கிறது.

இரண்டரை மாதத்தில் போலியோ சொட்டு, ரோட்டா, பென்டா. மூன்றரையில் இவற்றோடு எஃப்.ஐ.பி.வி.யும் பி.சி.வி.யும் திரும்ப. தவணைகளுக்கு நடுவே குறைந்தது 28 நாள். 9 மாதம் முடிந்ததும் எம்.ஆர்., பி.சி.வி. பூஸ்டர், எஃப்.ஐ.பி.வி. மூன்றாவது (2023-ல் சேர்ந்தது), வைட்டமின் ஏ 1 மி.லி. இங்கேயும் மாதக் கணக்குத் தொல்லை உண்டு. 'ஒம்பதாம் மாசம்' என்று தூக்கிவந்த குழந்தைக்கு எட்டு மாதம் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. திருப்பி அனுப்பும்போது அட்டையில் தேதியை வட்டமிட்டு, அந்தத் தேதிக்குப் பிந்தைய புதன் எது என்றும் சொல்லி அனுப்பினார்கள். வட்டத்தை மட்டும் போட்டால் வெள்ளிக்கிழமை வந்து நிற்பார்கள்.

இப்போது ஒரு மனத்தாங்கல், பல இடங்களில் பார்த்தது. எம்.ஆர். வயலில் பல டோஸ். கலக்கியபின் நான்கு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். அதனால் ஒரே ஒரு குழந்தை வந்தால், 'அடுத்த புதன் வாம்மா, நாலு பேர் சேரட்டும்' என்று அனுப்பிவிடுகிறார்கள். மருந்து வீணாகாமல் காப்பதாக நினைப்பு. அந்தத் தாய் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு கிலோமீட்டர் இறங்கி வந்தவர். அடுத்த புதன் வரமாட்டார். விதியே ஒரு குழந்தைக்கும் திறக்கலாம் என்றுதான் சொல்கிறது. சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று திருப்பி அனுப்புவதும் அப்படியே. அவை ஊசிக்குத் தடையில்லை.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். காத்திருக்க நிழலும் ஒரு பாயும் போட்டிருந்தால் இருப்பார்கள், இல்லாவிட்டால் இருக்கமாட்டார்கள். மேசையில், கடுமையான ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் பெட்டி: ஒரு வயதுக்குக் கீழே 0.05 மி.லி., 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 2 யூனிட் கோடு வரை, தொடைத் தசையில். திடீரென்று வெளுத்து, மூச்சுத் திணறி, துவண்டால் அந்த ஊசியைப் போட்டபின்தான் மற்றது எல்லாம். ஆம்பியூலின் காலாவதித் தேதியைப் பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தார் இங்கே இருந்த நர்ஸ். நல்ல யோசனை.

'போன தடவ ராத்திரி பூரா அழுவுச்சு நர்சம்மா, மருந்து குடுத்தும் நிக்கல.'

எந்த மருந்து, எவ்வளவு என்று கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பாராசிட்டமால் டிராப்ஸ் 1 மி.லி.யில் 100 மி.கி.; சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி., அதாவது 1 மி.லி.யில் 25. நான்கு மடங்கு வித்தியாசம். கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்றால் 5 கிலோ குழந்தைக்கு டிராப்ஸ் அரை முதல் முக்கால் மி.லி., சிரப் 2 முதல் 3 மி.லி. அந்தத் தாய் சிரப்பை டிராப்ஸின் குழலில் அரை மி.லி. கொடுத்திருக்கிறார். கால் பங்கு மருந்து, எப்படி நிற்கும்? தலைகீழாக நடந்திருந்தால் ஆபத்து. கையில் இருக்கும் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அதன் மூடியில் பேனாவால் கோடு போட்டுத் தருவதுதான் வழி.

ஊசி கழற்றாமல், மூடி போடாமல், அப்படியே ஊசியை வெட்டும் ஹப் கட்டரில். பிளாஸ்டிக் பாகம் சிவப்புப் பைக்கு.

பன்னிரண்டரைக்கு எண்ணினால் எட்டுக் குழந்தைகள். மூன்று வரவில்லை.

நான்காம் நாள், வியாழன்: வீடு வீடாக

நேற்று விட்டுப்போனது ஒன்று. திறந்த வயல் எல்லாம் கொட்டுவதில்லை. பென்டா, பி.சி.வி., டி.டி., போலியோ சொட்டு ஆகியவற்றைத் திறந்த தேதி எழுதி, குளிரில் வைத்து, வி.வி.எம். சரியாக இருக்கும்வரை 28 நாள் பயன்படுத்தலாம். தேதி எழுதாத திறந்த வயல் மதிப்பில்லாத வயல்.

வராத மூன்றில் ஒரு குடும்பம் மிளகு பறிக்கத் தோட்டத்திலேயே குடிசை போட்டுத் தங்கியிருக்கிறது. ஒரு குழந்தை தாய்வீட்டுக்குப் போய்விட்டது. எந்த ஊர், எந்தத் துணை நிலையம் என்று கேட்டு அங்குள்ள நர்சுக்குப் போன் போட்டாயிற்று. மூன்றாவது வீட்டில் பாட்டியின் மறுப்பு. போன தடவை தொடையில் கட்டி மாதிரி வீங்கியதாம். சின்னதாக, சிவக்காமல், சூடில்லாமல் இருக்கும் கட்டி சில வாரத்தில் தானே கரைந்துவிடும். சீழ் வைத்தால்தான் காட்ட வேண்டும். இதைப் போன தடவையே சொல்லியிருந்தால் நேற்றே வந்திருப்பார்கள். ஊசி போட்டபின் சொல்ல வேண்டியவை நான்கு: எதற்குப் போட்டோம், அடுத்தது எப்போது, என்ன தொந்தரவு வரலாம், அட்டையைப் பத்திரமாக வைத்து எடுத்துவா. கூட்ட நேரத்தில் விட்டுப்போவது எப்போதும் மூன்றாவதுதான்.

பிறகு ஏழாம் நாள் குழந்தை ஒன்று. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் குளிரில் முதலில் தொடுவது பாதத்தை. வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. துணியை இன்னும் சுற்றுவதைவிட, தாயின் மார்போடு தோல்பட வைத்து மேலே போர்த்துவது வேகமாக வேலை செய்யும். தொப்புளில் எதுவும் தடவக் கூடாது. விபூதியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

மூச்சு எண்ணுவது ஒரு நிமிடம் முழுதாக. பிறந்த குழந்தை சில நொடி வேகமாக இழுத்து, சில நொடி நிறுத்தும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தவறு நிச்சயம். 60-ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ண வேண்டும். மறுபடியும் 60 என்றால் அன்றே ஆஸ்பத்திரி. பால் குடிக்கும் பிடி சரியா என்று பார்க்க நான்கு அடையாளம்: தாடை மார்பில் பட்டிருக்கும், வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் மேல்பக்கம் அதிகமாகத் தெரியும். 'பால் பத்தல' என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் பிடிதான் கோளாறு. ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுமானது, பாட்டிக்கும் இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடுகிறது.

ஐந்தாம் நாள், வெள்ளி: அங்கன்வாடித் தராசு

இன்று எடை நாள். சுருக்கமாக.

தராசை ஒவ்வொரு குழந்தைக்கும் முன் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். தொங்கும் தராசில் காலியான ஜட்டிப்பையின் எடையையும் கழிக்க மறப்பது சகஜம். இரண்டு வயதுவரை படுக்கவைத்து நீளம், அதற்கு ஆள் இரண்டு: ஒருவர் தலையைப் பலகையோடு பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அமுக்கிப் பாதப்பலகையை நகர்த்த. நின்று அளந்தால் 0.7 செ.மீ. குறையும், அதைச் சேர்க்காமல் குறித்தால் குழந்தை காரணமில்லாமல் குட்டையாகிவிடும்.

கைச்சுற்றளவு நாடா 6 மாதம் முதல் 5 வயதுவரை. இடது கை, தோளெலும்புக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில், சட்டையைக் கழற்றி. 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள். இறுக்கி இழுத்தால் நல்ல குழந்தையும் சிவப்பாகும். இரண்டு பாதத்தையும் மூன்று நொடி அழுத்தி, குழி விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நீர் கோத்த குழந்தையின் எடை நல்லபடியாகத்தான் காட்டும்.

வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி ஒன்றும் சொல்லாது, கோடுதான் பேசும். இன்று பார்த்த ஒரு குழந்தை பச்சைப் பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மாதமாக ஒரே எடை, கோடு படுத்துவிட்டது. பச்சையில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டபோது தெரிந்தது: ஏழு மாதமாகியும் தாய்ப்பால் மட்டும்தான். மஞ்சளில் இருந்தாலும் கோடு ஏறும் குழந்தையைவிட இந்தக் குழந்தைக்குத்தான் இன்று அரை மணி நேரம் செலவிட வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் கெட்டியாக மசித்த சோறு, பருப்பு, கொஞ்சம் எண்ணெய். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடக் கூடாது. கஞ்சித்தண்ணியில் வயிறு நிறையும், எடை நிற்கும்.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீரில். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டால் உப்பு கூடி, குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். லிட்டர் அளவுக்குக் காலி தண்ணீர் பாட்டில் போதும். கலக்கியது 24 மணி நேரம்தான். இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி., கரண்டியால், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மெதுவாகத் திரும்ப. கூடவே துத்தநாக மாத்திரை 20 மி.கி., 14 நாள். 2 முதல் 6 மாதக் குழந்தைக்குப் பாதி. பேதி மூன்றாம் நாள் நின்றதும் இதையும் நிறுத்திவிடுகிறார்கள், மிச்ச நாட்களில்தான் குடல் தேறுகிறது. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

ஆறாம் நாள், சனி: காத்திருப்பு அறை, இறக்கம்

மலைக்கே உரிய ஓர் ஏற்பாடு, பிரசவக் காத்திருப்பு அறை. பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்பே துணைக்கு ஒருவரோடு வந்து தங்கிவிடலாம், சாப்பாடு உண்டு. நள்ளிரவில் வலி கண்டு, வண்டி வராத வழியில் தொட்டில் கட்டித் தூக்கிவருவதைத் தவிர்க்கத்தான் இது. ஆனால் வருவதில்லை என்றால் காரணம் கர்ப்பிணி அல்ல, வீட்டில் மூத்த குழந்தையை யார் பார்ப்பது, ஆடு மாட்டை யார் பார்ப்பது என்பதுதான். மூத்த குழந்தையையும் கூட்டிவரலாம் என்று சொன்ன நிலையங்களில் கட்டில் நிறைகிறது.

பிரசவ அறையில் ஒன்றை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளலாம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லையென்று உறுதி செய்துகொண்டு, தாய்க்கு ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில். ரத்தப்போக்கைத் தடுக்கும் முதல் மருந்து இதுதான். இதுவும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. பல இடங்களில் அவசரத்துக்குக் கைக்கெட்டட்டும் என்று ஜன்னலோரத் தட்டில் வைத்திருப்பார்கள். வாரக்கணக்கில் வெப்பம் பட்ட ஆம்பியூல் பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். போட்டும் கருப்பை இறுகாது, மருந்தே தப்பு என்று யாருக்கும் தோன்றாது. தடுப்பூசி வயலுக்காவது வி.வி.எம். இருக்கிறது, பொதுவாக இந்த ஆம்பியூலுக்கு அப்படி எதுவும் கிடையாது. இங்கே பிரசவ அறையிலேயே சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று, தனி வெப்பநிலைத் தாளோடு. தடுப்பூசி ஐ.எல்.ஆருக்குள் வேறு மருந்து வைக்கக் கூடாது என்பதால் தனி.

பிறந்து ஒரு மணிக்குள் தாய்ப்பால், வைட்டமின் கே 1 மி.கி., 24 மணிக்குள் ஹெபடைடிஸ் பி. கூடவே பி.சி.ஜி., போலியோ முதல் சொட்டு. 48 மணி நேரத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

மாலையில் இறங்கும் பஸ். துணை நிலையத்தில் நர்ஸ் அடுத்த புதனுக்கான பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்றரை மாதம் முடியும் குழந்தைகள் இரண்டு, எட்டு மாதம் ஆறு நாளில் திரும்பிப்போன அந்தக் குழந்தைக்கு மூன்று வாரம் தள்ளி ஒரு குறிப்பு. வராத மூன்றில் பாட்டியின் பேரனும் மிளகுத் தோட்டத்துக் குழந்தையும் பட்டியலின் தலையில், சிவப்பு மையில். தாய்வீட்டுக்குப் போன குழந்தையின் பெயருக்கு எதிரே அந்த ஊர் நர்சின் போன் நம்பர். பக்கத்துக் கட்டத்தில் 'போட்டாச்சா?' என்று ஒரு கேள்விக்குறி.